ஆட்டுக்கால் சூப் முழங்காலுக்குப் போகுமா?

மூட்டுவலி, முதுகுவலிக்காரர்களுக்கு ஒரு கொலாஜன் பாடம்

‘‘ஆறு மாசமா வாரம் ரெண்டு நாள் ஆட்டுக்கால் சூப் வெச்சுக் கொடுக்கிறோம் டாக்டர். அம்மாவோட முழங்கால் வலி குறையவே இல்லை. சூப்பை நிறுத்திட்டு கொலாஜன் பவுடர் வாங்கிக் கொடுக்கலாமா?’’

‘‘நாங்க சுத்த சைவம். எலும்பு சூப் குடிக்காதவங்களுக்கு மூட்டு தேய்ஞ்சுதான் போகணுமா?’’

என்னிடம் வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை இரண்டும். கொலாஜன் என்ற வார்த்தையை முன்பெல்லாம் மருத்துவ மாணவர்கள்தான் உச்சரிப்பார்கள். இன்றோ மருந்துக் கடை அலமாரியில் டப்பா டப்பாவாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். சம்பளம் வந்ததும் அம்மாவின் முழங்காலுக்காக அதை வாங்கி வருகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். பாசம்தான்... தப்பில்லை. ஆனால் அந்தச் சத்து எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு வாங்கினால் பணமும் வீணாகாது. அதைவிட முக்கியமாக, வைத்தியம் பார்க்க வேண்டிய காலமும் வீணாகாது.

வாருங்கள், முதலிலிருந்தே பார்த்துவிடுவோம்.

கொலாஜன் என்றால் என்ன?

நம் உடம்பில் இருக்கும் மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொலாஜன்தான். தோல், எலும்பு, தசைநாண், மூட்டுகளைக் கட்டிப் பிடித்திருக்கும் பந்தகங்கள், எலும்பு முனைகளில் வழவழவென்று போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு, முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டு... இவை எல்லாவற்றுக்கும் உறுதி தருவது அதுவே. கயிற்றுக்கு நார் எப்படியோ, உடம்புக்குக் கொலாஜன் அப்படி.

கயிறு என்று சும்மா உவமைக்குச் சொல்லவில்லை. அதன் உருவமே முறுக்கிய கயிறுதான்! மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிக்கொண்டிருக்கும். இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னது நம்ம சென்னை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இருந்த விஞ்ஞானி ஜி.என். ராமச்சந்திரனும், அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் 1954-ம் ஆண்டில் கொலாஜனின் மூவிழை வடிவத்தை வெளியிட்டார்கள். பக்கத்திலேயே இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஆய்வுக்கு மாதிரி கிடைத்தது. தோல் ஆராய்ச்சிக்கும் மூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? பதனிட்ட தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன்தான்.

இந்தக் கயிற்றைத் தண்ணீரில் போட்டு வெகுநேரம் கொதிக்க வைத்தால் முறுக்கு பிரிந்துவிடும். அப்படிப் பிரிந்ததற்குப் பெயர் ஜெலட்டின். அந்தக் காலத்துத் தச்சர்கள் மரம் ஒட்டக் காய்ச்சிய வச்சிரப் பசை இதுதான். ஆட்டுக்கால் சூப்பைக் குடிக்கும்போது உதடு பிசுபிசுவென்று ஒட்டுவதும், ஃபிரிட்ஜில் வைத்தால் அது அல்வா மாதிரி உறைவதும் இதனால்தான். ஆக, ஆட்டுக்காலில் கொலாஜன் இருக்கிறது என்று நம் பாட்டிமார் சொல்லாமலே நமக்குக் காட்டியிருக்கிறார்கள்.

குடித்த சூப் எங்கே போகிறது?

இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள். ‘காலைச் சாப்பிட்டால் காலுக்குப் பலம்’ என்று நேர்க்கோடு போட்டுவிடுகிறார்கள். வயிறு அப்படிக் கணக்குப் போடாது!

சூப்பில் இருக்கும் ஜெலட்டின் வயிற்றிலும் குடலிலும் துண்டு துண்டாக உடைகிறது. பெரும்பகுதி அமினோ அமிலங்களாகவும், சிறு பகுதி இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த குட்டித் துணுக்குகளாகவும் ரத்தத்தில் கலக்கிறது. பிறகு அவை உடம்பு முழுக்கப் பங்கு போடப்படும். முடிக்கும் போகலாம், ரத்தத்துக்கும் போகலாம், புண் ஆறவும் போகலாம். ‘இந்தத் துணுக்கு வலது முழங்காலுக்கு’ என்று விலாசம் எழுதி யாரும் அனுப்புவதில்லை.

சித்த மருத்துவம் படிக்கிற மாணவனுக்கு முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம் என்று உடற்கட்டுகள் ஏழு. உண்ட உணவு செரித்துச் சாரமாகி, சாரம் செந்நீராகி, அது ஊனாகி... இப்படிப் படிப்படியாகத்தான் என்புக்குப் போய்ச் சேரும். வரிசையில் எலும்பு ஐந்தாவது இடம்! செரிமானம் சரியில்லாதவனுக்கு எதைக் கொடுத்தாலும் எலும்புக்கு எட்டாது என்பதுதான் இதன் உட்பொருள். ஆய்வகம் இல்லாத காலத்துச் சிந்தனை என்றாலும், ‘தின்றது நேராக எலும்பாகாது’ என்ற விஷயத்தில் பழைய பாடமும் புதிய பாடமும் ஒன்றாகவே நிற்கின்றன.

அப்படியானால் கொலாஜன் எப்படி உண்டாகிறது? உடம்பு தானே கட்டிக்கொள்கிறது. வீடு கட்டுகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். செங்கல் வேண்டும், கொத்தனார் வேண்டும், ‘இந்த இடத்தில் கட்டு’ என்று மேஸ்திரியின் உத்தரவு வேண்டும். செங்கல் என்பது புரதம். கொத்தனார் என்பது வைட்டமின் சி. உத்தரவு என்பது உடம்பின் அசைவு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேலை நின்றுவிடும். ஆறு மாதமாக சூப் குடித்தும் வலி குறையாதவர்களின் வீட்டில், செங்கல் மட்டும் வந்து இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பவுடர் வாங்கலாமா?

கொலாஜனைத் தொழிற்சாலையில் இன்னும் சிறு துணுக்குகளாக உடைத்து விற்பதுதான் பவுடர். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்குத் தினமும் 10 கிராம் அளவில் சில மாதங்கள் கொடுத்துப் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சிலவற்றில் வலி ஓரளவு குறைந்ததாக முடிவு வந்திருக்கிறது. ஆனால் பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள். பலவற்றுக்குப் பணம் கொடுத்தவர்கள் அதைத் தயாரிக்கும் கம்பெனிக்காரர்களே. தேய்ந்துபோன குருத்தெலும்பு மறுபடி வளர்ந்து பழையபடி ஆனது என்று யாரும் நிரூபிக்கவில்லை. முதுகுவலி விஷயத்தில் ஆதாரம் இன்னும் குறைவு.

ஆகவே என் கருத்து இதுதான். வசதி உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள், டாக்டரிடம் சொல்லிவிட்டு மூன்று மாதம் சாப்பிட்டுப் பார்க்கலாம். மூன்று மாதத்தில் மாடிப்படி ஏறுவதிலோ, உட்கார்ந்து எழுவதிலோ ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பால், பழம், முட்டைக்கு ஒதுக்கிய காசை எடுத்துப் பவுடர் வாங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இன்னொரு விஷயம். இந்தப் பவுடர்கள் மாட்டுத் தோல், பன்றித் தோல், மீன் தோல், செதில் போன்றவற்றிலிருந்து எடுக்கப்படுகின்றன. சைவர்களும், மத நம்பிக்கை காரணமாகச் சில இறைச்சிகளைத் தவிர்ப்பவர்களும் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். ‘சைவ கொலாஜன்’ என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் இருப்பது வைட்டமின் சி, அமினோ அமிலம், மூலிகைச் சாறு போன்றவையே. செடியில் கொலாஜன் கிடையாது. ஜெல்லி செய்யப் பயன்படும் கடல்பாசியும் கொலாஜன் இல்லை. அது ஒரு வகை மாவுச்சத்து, அவ்வளவுதான்.

அம்மாவின் தட்டைப் பாருங்கள்

செங்கல் கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 0.83 கிராம் புரதம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. 60 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு 50 கிராம்.

இப்போது அந்த அம்மாவின் ஒரு நாள் சாப்பாட்டைக் கணக்குப் போடுங்கள். காலையில் மூன்று இட்லி, சட்னி: 7 கிராம். இரண்டு வேளை காபிக்கு ஊற்றும் பால்: 6 கிராம். மதியம் இரண்டு கப் சாதம்: 8 கிராம். கரண்டியில் தெளிவாக ஊற்றிய சாம்பார்: 4 கிராம். பொரியலும் மோரும் சேர்ந்து 4 கிராம். ராத்திரி இரண்டு தோசை: 6 கிராம். கூட்டினால் 35! தேவையில் 15 கிராம் குறைகிறது. அதுவும் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, அடிப்பருப்பு தீர்ந்துபோன சாம்பாரை ஊற்றிக்கொள்கிற தாய்மார்களுக்கு இன்னும் குறையும். மூட்டுவலி அதிகமாக வருவதும் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்குத்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

இந்தக் குறையை ஈடுகட்டப் பெரிய செலவு தேவையில்லை. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 7 கிராம். ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7 கிராம். ஒரு முட்டை 6 கிராம். ஒரு கப் தயிர் 6 கிராம். நூறு கிராம் மீனில் 18 கிராமுக்கு மேல். இவற்றில் இரண்டோ மூன்றோ தினமும் சேர்ந்தால் போதும். அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் தாராளமாக உண்டு; கொலாஜன் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட அது அவசியம். சாதத்தோடு பருப்பு, இட்லிக்கு உளுந்து என்று நம் முன்னோர் வைத்த ஜோடி லேசுப்பட்டதல்ல.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றியும் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கொலாஜன் முழுமையான புரதம் இல்லை. டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் அதில் அறவே இல்லை. ஆகவே சூப் மட்டும் குடித்துவிட்டு, பருப்பையும் பாலையும் விட்டுவிட்டால் நஷ்டம்தான்.

நெல்லிக்காய் இல்லாமல் வேலை நடக்காது

வைட்டமின் சி இல்லாவிட்டால் கொலாஜனின் மூன்று இழைகளும் முறுக்கிக்கொண்டு நிற்காது, தளர்ந்துவிடும். பழைய காலத்தில் மாதக்கணக்கில் கடலில் போன மாலுமிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் வடியும், மூட்டு வலிக்கும், ஆறிய பழைய புண்கூட மறுபடி பிளந்துகொள்ளும். ஸ்கர்வி என்ற அந்த நோயின் அடிப்படையே கொலாஜன் கெட்டுப்போவதுதான். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் பன்னிரண்டு மாலுமிகளுக்கு வெவ்வேறு வைத்தியம் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்டவர்கள்தான் சீக்கிரம் எழுந்து நடமாடினார்கள்.

பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவை ஆண்களுக்கு 80, பெண்களுக்கு 65 மில்லிகிராம். ஒரு பெரிய நெல்லிக்காய் அல்லது ஒரு கொய்யாப்பழம் இதற்குப் போதும். வருடம் முழுக்கக் கிடைப்பது, விலையும் குறைவு. சூடு பட்டால் வைட்டமின் சி அழியும். அதனால் எலுமிச்சையைக் கொதிக்கும்போது பிழியாமல், இறக்கி ஆறிய பிறகு பிழியுங்கள்.

கொத்தனாருக்குச் சித்தாள் வேண்டாமா? இரும்பும் தாமிரமும் அந்த வேலையைச் செய்கின்றன. கீரை, எள், பயறு, முந்திரி இவற்றில் அவை இருக்கின்றன. எலும்புக்குக் கால்சியம் தனி. கேழ்வரகில் நூறு கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம்; எள்ளில் ஆயிரத்துக்கு மேல். எள்ளுருண்டையை தீபாவளிப் பலகாரம் என்று ஒதுக்காமல் வாரம் இரண்டு நாள் ஆளுக்கு ஒன்று கொடுங்கள்.

சூப் வைக்கும் முறை

கொழுப்பு குறைவாக, கொலாஜன் நன்றாக இறங்கும்படி வைக்க ஒரு வழி இருக்கிறது.

தீயில் வாட்டிச் சுத்தம் செய்து துண்டு போட்ட ஆட்டுக்கால் நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் போட்டுக் கழுவி, தட்டிய சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஆறு பல், ஒரு துண்டு இஞ்சி, தக்காளி இரண்டு, மிளகும் சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, தனியா இரண்டு தேக்கரண்டி, கறிவேப்பிலை சேர்த்து, எட்டு டம்ளர் தண்ணீர் விடுங்கள். பெரிய குக்கராக இருக்கட்டும். முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து முக்கால் மணி நேரம் வேக விடுங்கள். ஆறியதும் வடிகட்டி ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் மேலே வெள்ளையாகப் படிந்திருக்கும் கொழுப்பை வழித்து எறிந்துவிட்டு, தேவையான அளவு மட்டும் நன்றாகக் கொதிக்க வையுங்கள். உப்பு அரை அளவு போதும். இறக்கி, குடிக்கும் சூட்டுக்கு வந்ததும் எலுமிச்சை பிழிந்து ஒரு கப் குடிக்கலாம். வாரத்துக்கு இரண்டு நாள் போதும். காலைச் சுற்றி இருக்கும் ஜவ்வையும் நாரையும் மென்று தின்னுங்கள், சரக்கே அதில்தான்!

ஆட்டுக்கால் பிடிக்காதவர்கள் மீன் தலைக் குழம்பு, கோழிக்கால் சூப் இவற்றைச் சாப்பிடலாம். மீன் தோலிலும் கொலாஜன் உண்டு. உரித்து எறிய வேண்டாம்.

சைவர்களுக்கு...

கவலை வேண்டாம். கொலாஜனைச் சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்று உடம்பு கேட்பதே இல்லை. ஆடு என்ன, ஆட்டுக்காலா சாப்பிடுகிறது? இலை தழையைத் தின்றுதானே அத்தனை கொலாஜனையும் கட்டிக்கொள்கிறது! நமக்கும் பருப்பு, பால், தயிர், பயறு, வேர்க்கடலை, அவற்றோடு நெல்லியும் கொய்யாவும் இருந்தால் செங்கலும் கொத்தனாரும் வந்தாயிற்று.

இவற்றோடு நம் மரபில் வாத நோய்களுக்குச் சொல்லப்பட்ட மூன்று உணவுகளை முறை வைத்துச் சேருங்கள்.

முடக்கத்தான் தோசை: முடக்கை அறுப்பதால் முடக்கறுத்தான். ஒரு கைப்பிடி இலையை அரைத்து தோசை மாவில் கலந்து, வாரம் இரண்டு நாள். அதிகமானால் வயிறு இளகிப் போகும்.

பிரண்டைத் துவையல்: இளந்தண்டாக எடுத்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நார் உரித்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்த்து அரையுங்கள். சரியாக வதங்காவிட்டால் நாக்கு அரிக்கும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பிரண்டையைத் தவிர்ப்பது நல்லது.

உளுந்தங்களி: தோலுடன் கூடிய கறுப்பு உளுந்து மாவு, கருப்பட்டி, நல்லெண்ணெய். இடுப்புவலிக்குப் பூப்பெய்திய பெண்ணுக்குக் கொடுத்ததை, மாதவிடாய் நின்ற தாய்க்கும் கொடுக்கலாம். சர்க்கரை நோயாளிகள் கருப்பட்டி இல்லாமல் உப்புக் களியாகச் செய்துகொள்ளவும்.

யாருக்கு சூப் ஆகாது?

ரத்தத்தில் யூரிக் அமிலம் அதிகமாகி, கால் கட்டை விரல் மூட்டு திடீரென்று சிவந்து வீங்கித் துடிக்கிறவர்களுக்கு எலும்பு சூப், ஈரல், குடல் எல்லாம் வலியைக் கிளப்பிவிடும். ‘மூட்டுவலிக்கு சூப்’ என்று இவர்களுக்கும் கொடுத்துவிடுகிறார்கள்; ராத்திரியோடு ராத்திரியாக அவஸ்தைப்படுகிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு புரதம் சாப்பிடலாம் என்பதை அவர்களுடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தக்காரர்கள் உப்பிலும், இதய நோயாளிகள் கொழுப்பிலும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு தனி வார்த்தை. ரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் கூடுதலாக இருந்தால், அது கொலாஜன் இழைகளில் ஒட்டிக்கொண்டு அவற்றை விறைக்கச் செய்யும். தோள்பட்டை இறுகிக் கையைத் தூக்க முடியாமல் போவது இவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதே இவர்களுக்கு முதல் மூட்டு வைத்தியம். புகை பிடிப்பவர்களுக்கு முதுகெலும்பு வட்டுக்குப் போகும் ஊட்டம் குறைகிறது. சிகரெட்டை வைத்துக்கொண்டு சூப் குடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை.

உத்தரவு உங்கள் கையில்... இல்லை, காலில்!

குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அப்படியானால் அதற்குச் சாப்பாடு? மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான நீர்தான். பஞ்சை அழுத்தி விட்டால் தண்ணீரை உறிஞ்சுகிற மாதிரி, நடக்கும்போது குருத்தெலும்பு அமுங்கி விரிந்து அந்த நீரிலிருந்து ஊட்டம் வாங்கிக்கொள்கிறது. நடக்காத மூட்டு பட்டினி கிடக்கும். ‘முழங்கால் தேயுது, நடக்காதீங்கம்மா’ என்று உட்கார வைப்பது அன்பினால் செய்கிற கெடுதல்.

முதிர்ந்த வயதில் குருத்தெலும்பின் கொலாஜன் இழைகள் அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. ஆகவே இருப்பதைக் காப்பாற்றுவதுதான் புத்திசாலித்தனம். காப்பாற்றுவது தொடைத் தசை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, மனசுக்குள் பத்து எண்ணி, மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை; காலை, மாலை. டி.வி. பார்த்துக்கொண்டே செய்யலாம். முதுகுவலிக்காரர்கள் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் மெல்ல உயர்த்தி ஐந்து எண்ணி இறக்குங்கள். நாள்கணக்கில் படுத்தே கிடப்பது முதுகுக்கு ஆகாது.

எடை விஷயம் தெரிந்தால் ஆச்சரியப்படுவீர்கள். முழங்கால் தேய்மானம் உள்ள பருமனானவர் ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ குறைத்தால் இருபது கிலோ அரிசி மூட்டையை இறக்கி வைத்த மாதிரி! எந்த சூப்பும் செய்யாத வேலை இது.

உளுந்துத் தைலம் போன்ற வாதத் தைலங்களை இளஞ்சூடாகத் தடவி ஒத்தடம் கொடுத்தால் இறுக்கம் தளர்ந்து உடற்பயிற்சி சுலபமாகும். உள்ளுக்குச் சாப்பிடும் மருந்துகளை மட்டும் மருத்துவர் நேரில் பார்த்துத்தான் தர வேண்டும். பெயரும் முகவரியும் இல்லாத பொட்டலத்துப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டதுண்டு. ‘மூணே நாள்ல வலி மாயமாச்சு’ என்றால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவுகளிலும், தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் முறையான சிகிச்சை கிடைக்கிறது.

சமையலறையை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரம்

எல்லா மூட்டுவலியும் தேய்மானம் இல்லை. காலையில் எழுந்ததும் விறைப்பு அரை மணிக்குள் விட்டுவிட்டால் பெரும்பாலும் தேய்மானம். சித்த மருத்துவத்தில் அழல் கீல்வாயு என்போம். ஒரு மணி நேரம் ஆகியும் விரல் மடங்கவில்லை, இரண்டு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்குகின்றன என்றால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு சூப்பும் கீரையும் கொடுத்து மாதங்களைக் கடத்தினால் மூட்டு நிரந்தரமாகக் கோணிப்போகும். உடனே ரத்தப் பரிசோதனை செய்து சிகிச்சை தொடங்க வேண்டும்.

முதுகுவலியோடு கால் மரத்துப் போதல், பாதத்தைத் தூக்க முடியாமை, சிறுநீர் மலம் கட்டுப்பாடு இழத்தல், காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், படுத்தாலும் விடாத ராத்திரி வலி, கீழே விழுந்த பின் வந்த வலி... இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதம் வேண்டாம். சிறுநீர் அடைத்தாலோ, கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

முதலில் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் இப்போது பதில் சொல்லிவிடலாம். சூப் தாராளமாகக் குடிக்கட்டும். ஆனால் அது தனியாக வலியைப் போக்கும் என்று காத்திருக்க வேண்டாம். அதோடு ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு நெல்லிக்காய், தினமும் அரை மணி நேர நடை, இரண்டு வேளை உடற்பயிற்சி சேரட்டும். சைவர்கள் சூப்பை மட்டும் நீக்கிவிட்டு மற்ற எல்லாவற்றையும் அப்படியே செய்யலாம். மூன்று மாதம் விடாமல் செய்து பாருங்கள். முதல் மாதத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதற்காக விட்டுவிடக் கூடாது.

ஒரே ஒரு வேண்டுகோள். இன்று இரவு சாப்பிட உட்காரும்போது உங்கள் வீட்டுத் தாயாரையும் கூடவே உட்கார வைத்து, குழம்பை அடியோடு கலக்கி, பருப்பும் காயும் வருமாறு அவர் தட்டில் நீங்களே பரிமாறுங்கள். மூட்டு வைத்தியம் அங்கே ஆரம்பிக்கட்டும்.